கார் ஏசிக்கு எத்தனை கிராம் கேஸ், எந்த ஆயில்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எட்டு ஆண்டு ஓடிய அவருடைய சிறிய பெட்ரோல் காரில், ஏசி கேஸைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரில் கல் தெறித்து ஓட்டை விழுந்துவிட்டது. பட்டறையில் புதுக் கண்டென்சர் மாட்டி, 450 கிராம் கேன் ஒன்றை முழுவதுமாக ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கூலிங் போதவில்லை என்று போனபோது, இன்னொரு கேனில் பாதியை ‘டாப் அப்’ செய்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நான்குவழிச் சாலையில் ஓரளவு குளிர்கிறது. சிக்னலில் நின்றால் சிறிது நேரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. பானெட்டின் உட்புறம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் ஆர் 134ஏ, 400 கிராம், பி.ஏ.ஜி. 46 என்று இருக்கிறது. ஆர் 134ஏ என்பது கேஸின் பெயர், பி.ஏ.ஜி. 46 என்பது ஆயிலின் வகை. மெக்கானிக்கோ, கேஜ் (அழுத்தமானி) பார்த்துத்தான் கேஸ் அடிப்போம், கிராம் கணக்கெல்லாம் தேவையில்லை, ஆயிலில் 46-ம் 100-ம் ஒன்றுதான் என்கிறாராம். யார் சொல்வது சரி, இனி என்ன செய்வது, கேன் வாங்கி வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

ஸ்டிக்கர் சொல்வதுதான் சரி. உங்கள் காருக்குத் தேவை 400 கிராம் கேஸ், பி.ஏ.ஜி. 46 ஆயில், இரண்டையும் அளந்துதான் விட வேண்டும். கேஸின் அளவை எடையால் மட்டுமே நம்பிக்கையாகச் சொல்ல முடியும், அழுத்தத்தால் சொல்ல முடியாது. ஆயிலின் வகையை, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர்தான் தீர்மானிக்கிறது. கடையில் அன்றைக்கு என்ன டின் இருக்கிறது என்பது அதைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் தவறு தொடங்குகிற இடம் அதுதான். ஏசி நின்றிருக்கும்போது குழாய்களுக்குள் கேஸின் ஒரு பகுதி திரவமாகவும் மறுபகுதி ஆவியாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கும் வரையில் அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை ஒன்றுதான். 30 டிகிரி செல்சியஸில் ஆர் 134ஏ காட்டும் அழுத்தம் கேஜில் சுமார் 97 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு); உள்ளே 150 கிராம் இருந்தாலும், 400 கிராம் இருந்தாலும், அதற்கு மேல் திணித்திருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். வீட்டுச் சமையல் சிலிண்டர் பாதி காலியான பிறகும் அடுப்பு முன்போலவே எரிவதும், மிச்சம் எவ்வளவு என்று அறியச் சிலிண்டரை எடை போட வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஓடும்போது பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். கொஞ்சம் தெரியும், ஆனால் கிராம் கணக்கு தெரியாது. ஓடும் ஏசியின் அழுத்தம் வெளி வெப்பம், ஈரப்பதம், எஞ்சின் வேகம், கண்டென்சர் ஃபேன், கேபினுக்குள் இருக்கும் சூடு ஆகிய அனைத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கண்டென்சருக்குள் கேஸ் 55 முதல் 60 டிகிரியில் திரவமாகலாம். அதற்குரிய அழுத்தம் 200 முதல் 230 பி.எஸ்.ஐ. வரை. அதே கார், அதே கேஸ், காலை ஏழு மணிக்குப் பார்த்தால் மிகவும் குறைவாகக் காட்டும். ‘லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்) 40, ஹை சைடு (அழுத்தப்பட்டு வெளியேறும் பக்கம்) 200’ என்று ஒரே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கார்களுக்கும் எல்லா நேரத்திலும் அடிப்பது, காலையில் வந்த காருக்கு அதிகமாகவும் உச்சி வெயிலில் வந்த காருக்குக் குறைவாகவும் ஏற்றுவதில்தான் முடியும். கொள்ளளவை விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் வேரியபிள் வகைக் கம்ப்ரசர்களில் இந்தக் கணிப்பு இன்னும் மோசம். கேஸ் குறைந்தாலும் லோ சைடு முள்ளைக் கம்ப்ரசரே ஓரளவு நிலைநிறுத்திவிடும். கேஜ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவி. அளக்கும் கருவி அன்று.

இனி உங்கள் கார். 400 கிராம் கேட்கும் ஏசிக்கு முழுக் கேன் ஏற்றிய அன்றே 50 கிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு, அதிகமாகிவிட்டது. ஆகவே இரண்டு வாரம் கழித்துக் கூலிங் குறைந்ததற்குக் கேஸ் பற்றாக்குறை காரணமாக இருந்திருக்க வேண்டுமென்றால், நடுவில் எங்கோ கசிந்திருக்க வேண்டும். அப்படியானால் கசிவைத் தேடாமல் டாப் அப் செய்தது தவறு. கசியவில்லை என்றால் டாப் அப் செய்ததே தவறு; இப்போது உள்ளே ஏறத்தாழ 675 கிராம் இருக்கிறது.

அதிகமான கேஸ் போய்த் தங்குமிடம் கண்டென்சர்தான். ஆவி திரவமாக மாறுவதற்கென்று இருக்கும் குழாய்களின் கீழ்ப்பகுதி முழுவதும் திரவம் தேங்கி நிற்பதால், வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடுகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று பலமாக வீசுவதால் மிஞ்சிய பரப்பே ஓரளவு சமாளிக்கும். சிக்னலில் ஃபேன் காற்றை மட்டும் நம்பி நிற்கும்போது ஹை சைடு அழுத்தம் மளமளவென்று ஏறும். பெரும்பாலான கார்களில் 30 பாரை (சுமார் 435 பி.எஸ்.ஐ.) ஒட்டிய அழுத்தத்தில் பாதுகாப்பு ஏற்பாடு கம்ப்ரசரை நிறுத்திவிடும். நீங்கள் எழுதிய அறிகுறி இதனுடன் நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் கேஸ் அதிகம் என்று இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். கண்டென்சர் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும், வேக்கம் சரியாகப் போடாததால், அதாவது கேஸ் ஏற்றுமுன் குழாய்களைப் பம்பால் வெறுமையாக்காததால், உள்ளே காற்று தங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். காற்று இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இரவு முழுவதும் நிழலில் நிறுத்திய காரில், எஞ்சினை ஓட்டாமல், கேஜை மாட்டிப் பாருங்கள். அந்த இடத்தின் வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும்போது 97-ஐ விட்டு முள் குறிப்பிடத்தக்க அளவு மேலே நின்றால், உள்ளே காற்றோ வேறு ஏதோ கேஸோ கலந்திருக்கிறது. நின்ற அழுத்தத்தால் அளவைச் சொல்ல முடியாது. ஆனால் தூய்மையைச் சொல்ல முடியும். பத்து நிமிட வேலை இது. ஆயினும் பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேஸ் குறைவாக இருப்பதும் சிறு விஷயமில்லை. கார் ஏசியில் ஆயிலுக்குத் தனி பம்ப் கிடையாது. கேஸோடு கலந்து சுற்றி வருவதால்தான் ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. கேஸ் குறைந்தால் ஆயில், கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலிலேயே தங்கிக் கம்ப்ரசர் வறண்டு ஓடும். கூலிங் கொஞ்சம் குறைவுதானே என்று ஒரு கோடை முழுவதும் ஓட்டுபவர்கள் இறுதியில் கம்ப்ரசருக்கே செலவு செய்ய நேர்வது இதனால்தான்.

எனவே செய்ய வேண்டியது டாப் அப் அன்று. உள்ளே இருப்பதை ரெகவரி மெஷினால் முழுவதும் உறிஞ்சி எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் வந்தது என்பதே உங்கள் சந்தேகத்துக்குப் பாதி விடை. சாலையோரத்தில் செய்வதுபோல் வெளியே திறந்துவிட அனுமதிக்காதீர்கள். ஆர் 134ஏ-வின் புவி வெப்பமாக்கும் திறன், நூறாண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு. உங்கள் காரின் 400 கிராம் 572 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பிறகு நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, குறைந்தது அரை மணி நேரம், மழைக்காலமானால் இன்னும் கூடுதலாக, வேக்கம் போட வேண்டும். காற்றை எடுப்பதோடு ஈரத்தையும் ஆவியாக்கி எடுப்பதுதான் வேக்கத்தின் நோக்கம். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போயாக வேண்டும். ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு முள் இறங்கிவிட்டது என்று நிறுத்தினால் ஈரம் உள்ளேயே இருக்கும். பம்பை நிறுத்தியபின் முள் அசையாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்டென்சர் மாற்றியபோது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். பல கார்களில் அது கண்டென்சரோடே சேர்ந்து வருகிறது, தனியாக இருக்கும் கார்களில்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதன்பின் எலெக்ட்ரானிக் தராசின் மேல் சிலிண்டரை வைத்து 400 கிராம் ஏற்ற வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஹோஸில் திரவம் நிரம்பி நின்றால் அதற்குள்ளேயே 30 முதல் 50 கிராம் தங்கிவிடும். தராசு 400 காட்டினாலும் காருக்குள் போனது 360 ஆக இருக்கலாம். ஹோஸில் இருப்பதையும் லோ சைடு வழியாக உள்ளே இழுக்கவிட்டு முடிப்பவரே கவனமான மெக்கானிக். பின்பக்கமும் ஏசி உள்ள பெரிய வண்டியில் இந்த 40 கிராம் பெரிதாகத் தெரியாது. சிறிய காரில் தெரியும்.

ஆயிலுக்கு வருவோம். 46, 100, 150 என்பவை தரத்தின் படிநிலைகள் அல்ல; 40 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள். கம்ப்ரசரின் உள் இடைவெளிகள் எந்தக் கெட்டித்தன்மைக்காக வடிவமைக்கப்பட்டனவோ அதையே விட வேண்டும். 46 கேட்கும் கம்ப்ரசரில் 100 விட்டால் அன்றே உடைந்துவிடாது. உடையாததாலேயே இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் கெட்டி ஆயில் கூலிங் காயிலிலிருந்து திரும்பி வரச் சிரமப்படும். 100 கேட்கும் கம்ப்ரசரில் 46 விட்டால் சூட்டில் படலம் மெலிந்து உலோகம் தேயும். கம்ப்ரசர் தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று சேர்மானங்களையும் கலக்கிறார்கள். ஆகவே எண்ணோடு, ஸ்டிக்கரில் ஆயிலின் பெயரும் இருந்தால் அதையே வாங்குவது நல்லது. வேறு தயாரிப்பாளரின் கம்ப்ரசரை மாட்டியிருந்தால் பழைய ஸ்டிக்கரைவிடப் புதுக் கம்ப்ரசரின் மேல் எழுதியிருப்பதே செல்லும்.

உங்கள் காரில் 100 விட்டிருந்தால், எவ்வளவு விட்டார்கள் என்று கேளுங்கள். 20, 30 மில்லி என்றால், இரண்டும் பி.ஏ.ஜி. வகையாதலால், அதற்காக எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. ஆர் 134ஏ-வுக்கு முன்பிருந்த ஆர் 12 கேஸ் காலத்து மினரல் ஆயிலையோ பெயர் தெரியாத ஆயிலையோ விட்டிருந்தால் நிலைமை வேறு. மினரல் ஆயில் ஆர் 134ஏ-வோடு கலந்து ஓடாது, எனவே கழுவி எடுத்தே ஆக வேண்டும். கம்ப்ரசர், டிரையர், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகியவற்றின் வழியாகக் கழுவும் திரவத்தைச் செலுத்தக் கூடாது.

ஆயில் விடாமலே கண்டென்சரை மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கல் பட்டுக் கேஸ் பீறிட்டு வெளியேறும்போது ஆயிலும் கூடவே போகும். பழைய கண்டென்சரின் முகத்தில் எண்ணெய்க் கறை படிந்து புழுதி ஒட்டியிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்டென்சர் மாற்றினால் பொதுவாக 30 முதல் 40 மில்லி ஆயில் சேர்க்கும்படி சர்வீஸ் கையேடுகள் சொல்கின்றன. உங்கள் மாடலுக்குரிய எண்ணை அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய காரின் மொத்த ஆயிலே 100 மில்லியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், இந்த 30 மில்லியை விட்டுவிடுவது மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுவதாகும். பயந்து கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல்தான்: மிகுந்த ஆயில் கூலிங் காயிலின் உட்சுவரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். கணக்கு முற்றிலும் குழம்பியிருந்தால், கம்ப்ரசரைக் கழற்றி ஆயிலை அளவுக் குவளையில் வடித்துப் பார்த்துச் சரிசெய்வதே நேர்மையான வழி. பி.ஏ.ஜி. ஆயில் காற்றின் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சும். ஆகவே உங்கள் கண்ணெதிரே புது டின்னைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உயர் மின்னழுத்தத்தில் ஓடும் கம்ப்ரசருக்குள் மோட்டாரும் ஆயிலோடு சேர்ந்தே இருப்பதால், பொதுவாக மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. ஆயிலையே விடுகிறார்கள். அதில் சிறிதளவு பி.ஏ.ஜி. கலந்தாலும் மின்காப்பு கெட்டுவிடும். முந்தைய காரில் பயன்படுத்திய ஹோஸில் ஒட்டியிருக்கும் ஆயிலே அதற்குப் போதும். ஸ்டிக்கரில் ஆர் 1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸின் பெயர் இருந்தால், அதில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர் 134ஏ-வை ஏற்றக் கூடாது.

வீட்டிலேயே ஏற்றிக்கொள்வது பற்றி: வேண்டாம். தராசும் வேக்கம் பம்பும் இல்லாமல் ஏற்றினால் பட்டறையில் நடந்ததே வீட்டிலும் நடக்கும். கேன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆர் 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிக் கேஸ் சந்தைக்கு வந்து, 2011-ல் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்குகிறது. கார் ஏசியின் பெரும்பகுதி அலுமினியம்தான். ஓட்டையை அடைக்கும் மருந்து கலந்த கேன்களையும் தவிருங்கள். அவை எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடுத்த பட்டறையின் ரெகவரி மெஷினையும் அடைத்துவிடும்.

பட்டறையில் எடுத்த கிராம், ஏற்றிய கிராம், விட்ட ஆயிலின் பெயரும் மில்லியும் ஆகிய நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். 400 கிராம் சரியாக ஏற்றிய பிறகும் சிக்னலில் குளிர்ச்சி போனால், மறுபடி கேஸைத் தொடவிடாதீர்கள். ஏசியைப் போட்டவுடன் கண்டென்சர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா, புதுக் கண்டென்சரைச் சுற்றியிருந்த ஃபோம் பட்டைகளைத் திரும்ப வைத்தார்களா என்று அந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.