கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் புறக்கணித்தால் குவாரி நின்றுவிடுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி ஏற்கெனவே இரண்டு கல் குவாரிகள் ஓடுகின்றன. வெடிச் சத்தத்தில் சுவர்கள் விரிசல் விட்டிருக்கின்றன. இப்போது மூன்றாவது குவாரிக்கு அடுத்த மாதம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்திருக்கிறது. கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டோம். "கூட்டத்துக்கு யாரும் போகாதீர்கள், ஆள் வராவிட்டால் கூட்டம் செல்லாது" என்கிறார் எங்களுக்கு உதவ வந்திருக்கும் ஒருவர். அவர் சொல்வது சரியா? (வாசகர், கரூர் மாவட்டம்)

பதில்: சரியில்லை. தயவுசெய்து போங்கள், ஊரோடு போங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எதுவும் தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் பதிவாகும். எதிர்ப்பு எதுவும் வரவில்லை என்ற வரியோடு கோப்பு, சுற்றுச்சூழல் அனுமதி தரும் சென்னை ஆணையத்துக்குப் போய்ச் சேரும். குவாரிக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் கலைப்பதும் ஆபத்து. உள்ளூர் நிலைமையில் மக்கள் சுதந்திரமாகப் பேச முடியாது என்று அறிக்கை போனால், கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுக்க அதே அறிவிக்கை இடம் கொடுக்கிறது. மேடையில் நாற்காலியை முதலில் வீசுகிறவர் யார், எந்த ஊர்க்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டம் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. தனியாக 5 ஹெக்டேருக்குள் அடங்கும் குவாரிக்குக் கூட்டம் கிடையாது. 4 சொச்சம் ஹெக்டேருக்கு விண்ணப்பங்கள் குவிவதன் காரணம் அதுதான். 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால்தான் கூட்டம் நடத்தியாக வேண்டும். உங்களுக்கு வாய்த்திருப்பது அப்படிப்பட்ட கூட்டமாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கைவிடாதீர்கள்.

பேசுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒப்புகை வாங்குங்கள். பேசி முடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடாதீர்கள். கூட்டத்தின் முடிவில் அன்றைய நடவடிக்கைக் குறிப்பை எல்லோருக்கும் படித்துக் காட்டி, தமிழில் விளக்க வேண்டும். அன்றே அதில் கையெழுத்தாக வேண்டும். மக்கள் கலைந்த பிறகு எழுதப்படும் குறிப்பில் "வேலைவாய்ப்பு வேண்டும் என்று பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர்" என்ற ஒரே வாக்கியமாக உங்கள் கிணறு, விரிசல், தூசு எல்லாம் சுருங்கிப் போனதை நான் பலமுறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அடுத்தது 300 மீட்டர். இதில்தான் பல ஊர்கள் ஏமாந்துபோகின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின் 36ஆவது விதி. ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீடெல்லாம் அந்த விதியின் கண்ணில் குடியிருப்பு அல்ல. வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சி அமைப்போ நகரமைப்புத் துறையோ ஒப்புதல் தந்த மனையாக இருக்க வேண்டும். காட்டுக்குள் தோட்டத்தில் வீடு கட்டி மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பம் விடுபட்டுப்போகும். "வீட்டு வரி கட்டுகிறோமே, மின் இணைப்பு இருக்கிறதே" என்பார்கள். அவை மட்டும் போதாது. நத்தம் பட்டா, ஊராட்சி தந்த கட்டட அனுமதி, மனைப்பிரிவு ஒப்புதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பாருங்கள். ஒன்றே ஒன்று 300 மீட்டருக்குள் அகப்பட்டாலும் அதுதான் உங்கள் வலுவான ஆயுதம். தோட்டத்து வீடுகளையும் விட்டுவிடாமல் புல எண்ணோடு, புகைப்படத்தோடு மனுவில் காட்டுங்கள். விதிக்குள் வராவிட்டாலும் பாதிப்பு மதிப்பீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

"300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை" என்று கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்று திட்ட அறிக்கையின் இணைப்பில் இருக்கும். அந்த அறிக்கை இந்த அறிவிப்புக் காலத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் பார்வைக்கு இருந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில், சுருக்கம் மட்டும் தமிழில்! யாருக்குப் பாதிப்போ அவர்கள் படிக்க முடியாத மொழியில் எழுதிவிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்பது என்ன நியாயம்? ஆனாலும் ஊரில் படித்த பிள்ளை ஒருவரை அழைத்துக்கொண்டு போய் அந்தச் சான்றைக் கண்டுபிடியுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் வீணல்ல. ஆனால் அதுவே தடையும் அல்ல. 2013இல் ஒடிசாவின் நியாம்கிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததற்கு வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பின்னால் இருந்தன. பட்டா நிலத்துக் கல் குவாரிக்கு அந்தப் பலம் இல்லை. மேலூர்ப் பகுதி டங்ஸ்டன் ஏலத்தை 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்ததும் மக்கள் விடாமல் தெருவில் நின்றதால்தான். தீர்மானப் பதிவேட்டின் சான்றிட்ட நகலைப் பெற்றுக் கூட்டத்தில் ஒப்படையுங்கள்.

உங்களுக்கு உதவ வந்தவரைப் பற்றி எனக்குத் தெரியாது. குற்றம் சாட்டவும் இல்லை. ஆனால் "தடை வாங்கித் தருகிறேன்" என்று வீட்டுக்கு இவ்வளவு என வசூலித்து, வெற்றுத்தாளிலும் வக்காலத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு எதிர்த்தரப்பிடம் பேசி முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருப்பணிக்கு நன்கொடை, பொங்கலுக்குச் சேலை என்று வருகிறவர் நீட்டும் தாளின் தலைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் நகல் தராதீர்கள். வழக்கு என்றால் ஒருவர் பெயரில் வேண்டாம். நான்கைந்து பேர் சேர்ந்து போடுங்கள், ஒருவர் விலகினாலும் வழக்கு நிற்கும்.

எல்லாவற்றையும் மீறிச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால் 30 நாள்களுக்குள் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் கடந்தாலும் கதவு மூடிவிடும். அனுமதி நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டுவார்கள் என்று காத்திருக்காமல் இந்த அனுமதிகளை வெளியிடும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள்.

மனு கொடுக்கப் போகும்போதும் தனியாகப் போகாதீர்கள். சட்டவிரோதக் குவாரிகள் மீது விடாமல் புகார் கொடுத்துவந்த ஒருவர் 2025 ஜனவரியில் திருமயம் அருகே லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மனுதாரரின் பெயரைக்கூடக் காக்கத் தெரியாத அலுவலகங்களை நம்பி ஒற்றைக் கையெழுத்தோடு நிற்க வேண்டாம். ஐம்பது பேரின் கையெழுத்தோடு, பகலில், சேர்ந்தே போய்க் கொடுங்கள்.