மெயின் சுவிட்சுக்கு முன்னால் சோலரைக் கொழுவலாமா?

கேள்வி: வணக்கம் தம்பி. வீட்டுக்கு 5 கிலோவாட் சோலர் போடப் போகிறோம். அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிற மருமகன், தங்கள் வீட்டில் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, மீற்றரில் இருந்து வரும் வயரில்தான் சோலரை இணைத்ததாகவும் அங்கே அது சட்டப்படி சரி என்றும் சொல்கிறார். இங்கே வேலைக்கு வந்து பார்த்த பெடியனும் "டிபி பெட்டிக்குள் (பிறேக்கர்கள் இருக்கிற பெட்டி) கை வைக்கத் தேவையில்லை, மெயினுக்கு முன்னால் கொழுவி விட்டால் வேலை சுகம்" என்கிறான். அப்படிச் செய்யலாமா?
வாசகி, விசுவமடு

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது, ஆனால் ஒன்றில்லை. மருமகன் சொல்வது அங்கே உண்மை. பெடியன் சொல்வதை இங்கே செய்ய விடாதீர்கள்.

அங்கே ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் நமக்கு அது தேவையா என்று புரியும். அமெரிக்காவில் தேசிய மின் விதிநூல் என்று ஒன்று இருக்கிறது, 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். மெயினுக்கு முன்னால் எவற்றை இணைக்கலாம் என்று அதன் 230.82 ஆவது பிரிவு சொல்கிறது, அதில் சோலரும் உண்டு. எப்படி இணைக்க வேண்டும் என்பது 2020 பதிப்பில் இருந்து 705.11 ஆவது பிரிவில் இருக்கிறது. அங்கே வீட்டுப் பெட்டிக்குள் ஒரு செம்பு அல்லது அலுமினியப் பட்டையில்தான் எல்லாப் பிறேக்கரும் கொழுவியிருக்கும். அந்தப் பட்டை 200 அம்பியர் தாங்கும், மெயின் பிறேக்கரும் 200 அம்பியர் என்று வையுங்கள். ஒரு பக்கம் மெயினால் 200 வருகிறது, மறுபக்கம் சோலரால் இன்னும் வருகிறது, இரண்டும் சேர்ந்தால் எந்தப் பிறேக்கரும் விழாமலே பட்டை சூடேறும். அதனால் இரண்டின் கூட்டுத்தொகை பட்டையின் அளவில் 120 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 200 இன் 120 வீதம் 240, அதில் மெயினின் 200 போனால் மிச்சம் 40 அம்பியர். சோலரின் மின்னோட்டத்தை 125 வீதமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதால் உண்மையில் கிடைப்பது 32 அம்பியர், அவர்களுடைய 240 வோல்டில் சுமார் 7.7 கிலோவாட். அதைவிடப் பெரிய சோலர் வேண்டும் என்றால் பெட்டியையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மெயினுக்கு முன்னால் போக வேண்டும். மருமகன் வீட்டிலும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஆனால் சும்மா போக முடியாது. முன்னால் இணைக்கிற வயர் செம்பென்றால் அவர்களுடைய 6 ஆம் நம்பர், நம்முடைய கணக்கில் 13 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சோலர் தருவது வெறும் 20 அம்பியர் என்றாலும் வயர் அதே தடிப்புத்தான். இணைத்த இடத்தில் இருந்து 10 அடிக்குள் பியூஸோ பிறேக்கரோ வர வேண்டும். அந்தச் சுவிட்ச், மெயின் சுவிட்சாகவே பாவிக்கத் தகுதியானதாகவும் அந்த இடத்தில் ஷோர்ட் ஆனால் பாயக்கூடிய முழு மின்னோட்டத்தையும் வெட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவு இறுக்கம் எதற்கென்றால், மெயினுக்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் ட்ரான்ஸ்போமர் பக்கம் இருக்கிற பியூஸ் மட்டும்தான். அது வீட்டு வயரைக் காப்பாற்றுவதற்காக வைத்ததில்லை. அங்கே ஒரு ஷோர்ட் வந்தால் ஒன்றும் விழாது, வயர் உருகித் தீரும்வரை எரியும். இணைக்கிற நேரத்தில் மின் நிறுவனம் கரண்டை வெட்டித் தரும், பிறகு பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்து வைப்பார்.

இனி விசுவமடுவுக்கு வருவோம். போஸ்டில் இருந்து வருகிற வயர், மீற்றர், மீற்றரோடு சீல் வைத்திருக்கிற பிறேக்கர் எல்லாம் மின்சார சபையினுடையவை. அந்த சீலை உடைக்க உங்களுக்கும் உரிமை இல்லை, அந்தப் பெடியனுக்கும் இல்லை. மீற்றருக்கு முன்னால் கொழுவினால் நீங்கள் அனுப்புகிற யூனிட் கணக்கிலும் வராது. மீற்றருக்கும் உங்கள் டிபிக்கும் இடையில் ஓடுகிற வயர் உங்களுடையதுதான், அதற்குச் சபையின் 30 அம்பியர் பிறேக்கர் காவலும் இருக்கிறது, சரி. ஆனாலும் அந்த வயரின் நடுவில் தோலைச் சீவி இன்னொரு வயரைச் சுற்றி டேப் ஒட்டுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் அப்படியே செய்திருந்ததைக் கண்டேன். கூரைக்குக் கீழே, மரச் சட்டத்தோடு ஒட்டி, டேப் கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது. அந்த வீட்டில் மெயினை நிறுத்தினாலும் சோலர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குக் கரண்ட் அடிக்கிறது, வீட்டில் தீப்பிடிக்கிறது என்றால் ஆட்கள் ஓடிப்போய் நிறுத்துவது மெயினைத்தானே? அதை நிறுத்தினால் வீட்டுக்குள் எல்லாம் நிற்க வேண்டும்.

அதனால் இங்கே சரியான இடம் டிபிக்குள், மெயின் ஐசோலேட்டருக்கு, அதாவது மெயின் சுவிட்சுக்குப் பின்னால், ட்ரிப் சுவிட்சுக்கு (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச்) முன்னால். ட்ரிப்புக்குப் பின்னால் ஒரு மூலையில் கொழுவுவதும் பிழைதான். பனல்களில் இருந்து எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் எர்த்துக்குக் கசியும், மழை பெய்தால் கூடும், வீட்டு ட்ரிப் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதைவிட மோசமாக, சிலவகை இன்வேட்டர்களில் (பனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி) இருந்து நேர் மின்னோட்டம், அதாவது டிசி, கசிந்தால், சாதாரண ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டிய நேரத்தில் விழாமலும் போகலாம். சோலருக்குத் தனியாக இரண்டு கம்பியையும் வெட்டுகிற பிறேக்கர் போடச் சொல்லுங்கள். 5 கிலோவாட்டை 230 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 22 அம்பியர், அதற்கு 32 அம்பியர் பிறேக்கர் காணும். இன்வேட்டருக்கு எந்தவகை ட்ரிப் பாதுகாப்பு வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கும், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயம், பலர் தவறவிடுவது. உங்கள் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 40 அம்பியராக இருக்கும். அது கசிவுக்குத்தான் விழும், அளவுக்கு மீறி இழுத்தால் விழாது. இதுவரை சபையின் 30 அம்பியர் பிறேக்கர் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சோலர் வந்தபிறகு மத்தியானத்தில் சபையில் இருந்து 30, கூரையில் இருந்து 22, மொத்தம் 52 அம்பியர் அந்த ட்ரிப்புக்குள்ளால் போகலாம், ஒரு பிறேக்கரும் விழாது. அமெரிக்கர்களின் 120 வீதக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற அதே பிரச்சினைதான் இது. ட்ரிப்பை 63 அம்பியராக மாற்றுங்கள், அல்லது அதற்கு முன்னால் ஒரு 40 அம்பியர் பிறேக்கர் போடுங்கள். பெரிய செலவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம் தருவது. அமெரிக்க வீடியோக்களில் மெயினுக்கு முன்னால் போடுகிற சோலர் சுவிட்சுக்குள் நியூற்றலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுவார்கள். அங்கே அது முறை. நம்முடைய வீடுகளில் எர்த் என்பது வளவுக்குள் அடித்த கம்பி, நியூற்றலோடு அதற்குத் தொடர்பில்லை. வீடியோவைப் பார்த்து இங்கே அப்படிக் கட்டிவிட்டு, ஒருநாள் காற்றில் தென்னோலை விழுந்து போஸ்டில் நியூற்றல் அறுந்தால், உங்கள் பிரிட்ஜ், மோட்டர், இன்வேட்டர் பெட்டி எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். ஆகவே டிபியைத் திறந்து அந்த இரண்டும் சேரவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எர்த்தையும் ஆவணி மாதம் நிலம் காய்ந்திருக்கும்போது ஒருமுறை அளக்க வேண்டும், மாரியில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

சபையே மெயினுக்கு முன்னால் இணைத்துத் தருகிற முறை ஒன்றும் இங்கே உண்டு. 2010 இல் வந்தது நெற் மீற்றரிங், அதாவது நீங்கள் அனுப்பிய யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிக்கிற முறை. 2016 இல் நெற் எக்கவுண்டிங் (கழித்து மிஞ்சிய யூனிட்டுக்குக் காசு தருவது), நெற் பிளஸ் என்று இன்னும் இரண்டு சேர்ந்தன. நெற் பிளஸில் சோலர் உங்கள் வீட்டு டிபிக்குள் வராது, தனி மீற்றர் ஊடாக நேரே சபையின் லைனுக்குப் போகும். அதை வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் கேளுங்கள், அந்த வேலையைச் சபை ஆட்கள் செய்வார்கள்.

கேள்வி: காலை 11 மணிக்குப் பிறகு இன்வேட்டர் அடிக்கடி தானாக நின்று, பிறகு தொடங்குகிறது. வோல்ட் கூட என்று காட்டுகிறது. உள்ளே செற்றிங்கைக் கூட்டிவிட்டால் சரி என்கிறார்கள். கூட்டலாமா அண்ணை?
வாசகர், முழங்காவில்

பதில்: கூட்ட வேண்டாம் தம்பி. நம்முடைய லைனில் 230 வோல்ட், அதில் 6 வீதம் கூடலாம் குறையலாம், அப்படியென்றால் மேலே 243.8 வரைதான். அதைத் தாண்டவிட்டால் உங்கள் வீட்டு பல்பும் பிரிட்ஜும் மட்டுமில்லை, பக்கத்து வீட்டாருடையதும் போகும்.

முதலில் பிழை உங்கள் வயரிலா, லைனிலா என்று பாருங்கள். வெயில் உச்சத்தில் இன்வேட்டர் வாயிலும் மீற்றரடியிலும் வோல்டை அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு, இன்வேட்டரில் இருந்து மீற்றருக்கு 40 மீற்றர், வயர் 4 சதுர மில்லிமீற்றர், ஓடுவது 22 அம்பியர் என்றால் அந்த வயரிலேயே 8 வோல்ட் ஏறிவிடும். 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 3 வோல்டுக்குக் கொஞ்சம் மேலேதான். செலவைக் குறைக்க மெல்லிய வயர் இழுத்துவிட்டுப் போகிறார்கள், பிறகு வீட்டுக்காரர் சபையைப் பேசுகிறார். மீற்றரடியிலேயே 240க்கு மேல் நிற்கிறதென்றால் அது லைன். ட்ரான்ஸ்போமருக்கு வெகுதூரத்தில் லைனின் கடைசி வீடாக இருந்தால் இது நடக்கும். நாள், நேரம், வோல்ட் மூன்றையும் ஒரு வாரம் எழுதி வைத்து மின்சார சபைப் பொறியியலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், ட்ரான்ஸ்போமரில் வோல்டைக் குறைத்து வைக்க அவர்களால் முடியும். அதுவரைக்கும் கிணற்று மோட்டரை மத்தியானத்தில் போடுங்கள், வோல்ட் கொஞ்சம் இறங்கும்.

கேள்வி: சண்டைக் காலத்தில் கரண்டே இல்லாதபோது ஒரு சின்னப் பனலும் பற்றரியும் வைத்து இரவெல்லாம் லைட் எரித்தோம். இப்போது இவ்வளவு காசு கொடுத்து 5 கிலோவாட் போட்டும் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், மல்லாவி

பதில்: ஏமாற்றவில்லை ஐயா, ஆனால் விற்கும்போது இதைச் சொல்லாமல் விட்டது பிழை. அப்போது நீங்கள் வைத்திருந்தது தனித்து நிற்கிற 12 வோல்ட் சோலர், அதற்கு லைனோடு உறவே இல்லை. இப்போது இருப்பது லைனோடு சேர்ந்து ஓடுவது, லைன் செத்தால் அதுவும் நிற்க வேண்டும் என்றே செய்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனதே, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். அன்றும் இப்படிப்பட்ட சோலர் போட்ட வீடுகள் எல்லாம் சேர்ந்தே நின்றன.

காரணம் லைன்மன். லைன் செத்துவிட்டது என்று நம்பி அவர் போஸ்டில் ஏறுகிறார். உங்கள் 230 வோல்ட் திரும்பிப் போய் ட்ரான்ஸ்போமருக்குள் நுழைந்தால் மறுபக்கத்தில் அது 33,000 வோல்டாக வெளியே வரும். ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் பிளக் போட்ட வயரால் சுவரில் குத்துகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதுவும் இதே கொலைதான், தயவுசெய்து அந்த வயரை வெட்டி எறியுங்கள்.

கரண்ட் போனாலும் லைட்டும் ஃபேனும் வேண்டும் என்றால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் தேவை, அதில் வீட்டுக்கென்று தனி வாய் இருக்கும், லைன் செத்ததும் தன்னைத் தானே லைனில் இருந்து பிரித்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பதையும் ஒருநாள் மத்தியானம் சோதித்துப் பாருங்கள். வெயில் நன்றாக இருக்கும்போது மெயினை நிறுத்துங்கள். இன்வேட்டர் 2 செக்கனுக்குள் நிற்க வேண்டும். நிற்காமல் வீட்டில் ஒரு லைட்டாவது எரிந்துகொண்டிருந்தால் சோலரின் பிறேக்கரையும் நிறுத்திவிட்டு, போட்டவர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் வந்து திருத்தும்வரை திரும்பப் போட வேண்டாம்.