அம்மாவுக்கு மூட்டுவலி, தாலினில் 6 மணி நேரம்: என் பதில்

வணக்கம். கப்பல் எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் நிற்கும் 6 மணி நேரத்தில், மூட்டுவலி உள்ள அம்மாவோடு பழைய நகரத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் மேலிருந்து கீழே வாருங்கள்.

துறைமுகத்திலிருந்து பழைய நகரம் நடக்கும் தூரம்தான் என்பார்கள். உண்மைதான், ஆனால் அம்மாவை அங்கேயே களைப்பாக்கிவிடாதீர்கள். டாக்ஸி பிடித்து நேராக, பழைய நகரத்தின் மேல் பகுதியான தூம்பேயா குன்றுக்குப் போய்விடுங்கள். 1900இல் கட்டி முடித்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி தேவாலயத்தின் வாசலருகே இறங்கலாம். சற்றுத் தள்ளி கோஹ்துஓட்சா என்ற காட்சி மேடை. சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். அங்கே அவசரப்படாதீர்கள்.

அப்புறம் பிக் யால்க் என்ற சரிவுப் பாதையில் மெதுவாக இறங்குங்கள். பக்கத்து லூஹிகே யால்க் பாதை செங்குத்தானது, படிகள் உண்டு, வேண்டாம். எங்கும் உருளைக்கல் தரை என்பதால் கெட்டியான அடியுள்ள ஷூ கட்டாயம். மழை பெய்தால் வழுக்கும்.

கீழே நகர மண்டபச் சதுக்கத்தில் அம்மா உட்காரட்டும். அங்கேயுள்ள மருந்துக்கடை 1422லேயே இருந்ததற்குப் பதிவு இருக்கிறது, இன்றும் மருந்து விற்கிறது. அதை அவர் நிச்சயம் ரசிப்பார். ஓலாய் தேவாலயக் கோபுரம் ஏறுவதை விட்டுவிடுங்கள், படிகள் மிகக் குறுகல். திரும்பவும் டாக்ஸிதான், கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்.