உப்பளத்துக் கரையை ஏன் உடைக்கிறார்கள்?

(சான் பிரான்சிஸ்கோ விரிகுடா பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுபவர், தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கெழுதியவரின் மகள். 1999 முதல் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறார். வார இறுதிகளில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்.)

மகள் வீட்டுக்கு வந்தேன். விமானம் இறங்கும்போது கீழே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பெரிய பெரிய பாத்திகள் தெரிந்தன. சாயப்பட்டறைக் கழிவோ என்று பயந்துவிட்டேன். அவை என்ன?
– திருப்பூர் வாசகர், தற்போது மில்பீட்டாஸில்

பயம் வேண்டாம் ஐயா. திருப்பூர்க்காரர் கண்ணுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. அவை உப்பளங்கள். விரிகுடா நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய்ச்சுகிறார்கள். உப்பு குறைவாக உள்ள பாத்தியில் பச்சைப் பாசி வளரும். உப்பு ஏற ஏற, அதைத் தாங்கும் நுண்ணுயிர்கள் பெருகி நீரைச் சிவப்பாக்கிவிடும். நடுத்தரமான பாத்திகளில் உப்புநீர் இறால் மொய்ப்பதால் ஆரஞ்சுச் சாயல். தூத்துக்குடி வெயிலில் சில வாரங்களில் உப்பு வாரிவிடுவோம். இங்கே கடல்நீர் உப்பாக ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகும்.

அந்த உப்பளங்களைக் காசு கொடுத்து வாங்கி, கரையை உடைத்துக் கடலை உள்ளே விடுகிறார்களாமே? இது என்ன வேலை?
– சான்டா கிளாரா வாசகி

என் அப்பா இருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். ஐப்பசி மழையில் அளத்துக் கரை உடைந்தது என்று யாராவது வந்து சொன்னால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அரிக்கேன் விளக்கோடு ஓடுவார். கரை உடைவது என்றால் எங்கள் வீட்டில் இழவு விழுந்தது போல. அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் இப்போது கரையை உடைப்பதற்கு ஆதரவாக எழுதுகிறேன்.

இந்த விரிகுடாவைச் சுற்றி ஒரு காலத்தில் அலைநீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலம் இருந்தது. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரை கட்டி உப்பளமாகவும் வயலாகவும் ஊராகவும் மாற்றிவிட்டார்கள். அந்தச் சதுப்பை நம்பிய உயிர்கள் ஒதுங்க இடமில்லாமல் போயின. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சேற்று எலி இருக்கிறது; உப்புக் கரிக்கும் நீரைக் குடித்தும் பிழைத்துக்கொள்ளும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நம் கானாங்கோழிக்கு உறவான ஒரு பறவையும் இங்கே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 2003-ல் மாநில அரசும் மத்திய அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுத்து 16,500 ஏக்கர் உப்பளத்தை வாங்கியது, போன சதுப்பைத் திரும்ப வளர்க்கத்தான்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் ஹோசே ரயிலில் போனால் ஆல்விசோவுக்கு முன் பாழடைந்த மர வீடுகள் சேற்றில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். டிராபிரிட்ஜ் என்ற பழைய ஊர் அது. அதை ஒட்டிய மூன்று உப்பளங்களின் கரையை 2006 மார்ச்சில் உடைத்தார்கள். அதற்கு முன் அந்தத் தரையில் ஜிப்சம் பாளம் பாளமாக இறுகிக் கிடந்தது. இதில் என்ன முளைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நாளுக்கு இரண்டு முறை கடலேற்றம் கலங்கல் நீரைக் கொண்டுவரும். நீர் அசையாமல் நிற்கும் சிறிது நேரத்தில் சேறு அடியில் படியும். வற்றும்போது நீர் தெளிந்து வெளியேறும். காகிதக் கனம்கூட இருக்காது ஒவ்வொரு படிவும். சில ஆண்டுகளில் அந்தப் பாத்தியில் பச்சை பிடித்துவிட்டது. முதலில் பிடித்த செடிகளில் ஒன்று நம் ஊர் உமரிக்கு நெருங்கிய சொந்தம். கணுக்கணுவாக, கிள்ளி வாயில் போட்டால் அதே கரிப்பு. இலையுதிர்காலத்தில் நம் உமரி போலவே சிவந்தும் போகும்.

கவலை சேற்றைப் பற்றியதுதான். 1850-களிலிருந்து 1884-ல் நீதிமன்றம் தடுக்கும்வரை, தங்கம் தேடி மலைகளைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்தார்கள். அந்த மண் வெள்ளமாக இங்கே வந்து இறங்கியது. இப்போது ஆறுகளில் அணைகள். வரும் மண் குறைந்துவிட்டது. ஆல்விசோ பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நிலமும் பல அடி தாழ்ந்திருக்கிறது. கடல் மட்டமோ உயர்கிறது. அதற்குள் சதுப்பு மேலெழ வேண்டுமானால் சேறு வேண்டும். கப்பல் வழிகளில் தோண்டியெடுக்கும் சேற்றை ஆழ்கடலில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படியானால் எல்லா அளங்களையும் உடைத்துவிட வேண்டியதுதானே?
– அதே வாசகி

கூடாது அம்மா. உப்புக்கொத்தி என்று ஒரு சிறு பறவை. பெயரிலேயே உப்பு இருக்கிறது. அதில் இங்கு வாழும் வெண்ணிற வகை, வறண்ட உப்பளத் தரையில்தான் முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒரு சிறு பள்ளம், அதில் மணல் நிறத்தில் மூன்று முட்டைகள். ஹேவர்ட் அருகே ஈடன் லேண்டிங்கில் இதற்காகவே சில பாத்திகளை வறள விட்டு, சிப்பி ஓடுகளைப் பரப்பியிருக்கிறார்கள். ஓடுகளுக்கு நடுவே குஞ்சு அசையாமல் படுத்துவிட்டால் கழுகுக்கும் தெரியாது. ஒருமுறை என் காலுக்கு மூன்றடி தூரத்தில் ஒன்று கிடந்தது. தொலைநோக்கியை இறக்கிய பிறகுதான் பார்த்தேன்.

மீன் பிடித்துச் சமைக்கலாமா?
– யூனியன் சிட்டி வாசகர்

யோசித்துத்தான். பழைய சுரங்கங்களின் பாதரசம் இன்னும் சேற்றில் இருக்கிறது. 50 வயதுக்குட்பட்ட பெண்களும் குழந்தைகளும் இங்கு பிடித்த சுறா, ஸ்டர்ஜன், வரிக்கோடு உள்ள ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்களைச் சாப்பிடக் கூடாது என்பது மாநில அரசின் அறிவுரை. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறாப்புட்டு செய்ய இந்தச் சுறா வேண்டவே வேண்டாம்.

இந்த ஊரில் கையளவு நிலத்துக்கும் அடிதடி. இவ்வளவு தண்ணீரை மட்டும் எப்படித் தூர்க்காமல் விட்டார்கள்?
– சன்னிவேல் வாசகர்

மூன்று பெண்கள் தடுத்தார்கள். 1961-ல் பெர்க்லி நகரம் ஏறத்தாழ 2,000 ஏக்கர் விரிகுடாவைத் தூர்க்கத் திட்டம் வைத்திருந்தது. இப்படியே போனால் 2020-ல் விரிகுடா ஒரு கால்வாயாகச் சுருங்கிவிடும் என்று ராணுவப் பொறியாளர்களின் வரைபடம் ஒன்றும் பத்திரிகையில் வந்திருந்தது. கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் மூவரும் வீட்டு வரவேற்பறையில் கூடி இயக்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் சந்தா ஒரு டாலர். 1965-ல் தூர்ப்பதைக் கட்டுப்படுத்தும் ஆணையம் சட்டத்தின் மூலம் வந்தது, 1969-ல் நிரந்தரமாயிற்று. அன்று கரையோர ஊர்கள் குப்பையையும் விரிகுடாவில்தான் கொட்டின. பெர்க்லியில் நம் பிள்ளைகள் பட்டம் விடுகிற பூங்காவே பழைய குப்பைமேடுதான்.

சதுர்த்தி முடிந்து பிள்ளையாரை விரிகுடாவில் கரைக்கலாமா?
– டப்ளின் வாசகி

வேண்டாம். வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாராக வாங்கி, வீட்டிலேயே வாளியில் கரையுங்கள். அந்த நீரைத் தெருவோர வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். உங்கள் பக்கத்து வடிகால் நீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடை வழியே நேராக விரிகுடாவுக்குத்தான் போகிறது. குளிருக்கு வீட்டுக்குள் எடுத்து வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்களே கறிவேப்பிலைத் தொட்டி, அதில் ஊற்றுங்கள்.