தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

கேள்வி: எனக்கு வயது 42. தைராய்டு குறைபாட்டுக்காக ஓராண்டாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். (தைராய்டு குறையும்போது இரத்தத்தில் கூடும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு குறையவில்லை. காலைக் காபியோடு மாத்திரையையும், சிற்றுண்டி முடிந்ததும் கால்சியம் மாத்திரையையும் எடுத்துக்கொள்கிறேன். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அளவைக் கூட்டும் முன் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். தைராக்சின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதற்கு வெறும் வயிறு தேவை என்பதால், விழித்தவுடன் தண்ணீரோடு மட்டும் விழுங்கிவிட்டு, காபிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருப்பது அவசியம். (காபிப் பிரியர்களுக்கு இது கடினம்தான்.) கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் இம்மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும், இரவு உணவுக்குப் பின் அவற்றை வைத்துக்கொள்ளலாம். இம்மாற்றத்தின் பலன் இரத்தப் பரிசோதனையில் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அப்போதும் டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தால், மருந்தின் அளவை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்; நீங்களாகக் கூட்டினால் படபடப்பும், நாளடைவில் எலும்புத் தேய்மானமும் நேரலாம். தைராய்டைப் பாதிக்கும் என்று அஞ்சி முட்டைக்கோஸை ஒதுக்க வேண்டியதில்லை. சமைத்து அளவோடு உண்ணலாம்.