நாலு பேர் போதுமா, ஆறு பேர் பாயணுமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்க ஆரம்பித்து ஒரு சீசன்தான் ஆகிறது. வர்ணனையாளர்கள் ஒரு சமயம் பாஸ் ரஷ் என்கிறார்கள், இன்னொரு சமயம் பிளிட்ஸ் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. குவார்ட்டர்பேக், அதாவது தாக்கும் அணியில் பந்தை எறிகிறவர், அதை எறிவதற்குள் அவரை மடக்க எதிரணி பாய்வது எல்லாமே பாஸ் ரஷ்தான். சாதாரணமாக நாலு பேர் பாய்வார்கள், மற்ற ஏழு பேர் பின்னால் நின்று பந்து வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரோ, கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டியோ, ஓரத்தில் பந்து வாங்க ஓடுகிறவரைக் காக்கும் கார்னர்பேக்கோ கூடச் சேர்ந்து பாய்கிறவர்கள் ஐந்து அல்லது அதற்கு மேல் ஆனால், அதுதான் பிளிட்ஸ்.

கேள்வி: பிளிட்ஸ் வந்தாலே குவார்ட்டர்பேக் தடுமாறுகிறார். அப்படியிருக்க ஏன் ஒவ்வொரு பிளேயிலும் (ஒவ்வொரு முறை பந்து ஆடப்படும்போதும்) ஆறு பேரை அனுப்பக் கூடாது?

பதில்: களத்தில் இருப்பது பதினோரு பேர்தானே. ஆறு பேர் பாய்ந்தால் மிச்சம் ஐந்து பேர், எதிரணியில் பந்து வாங்க ஓடக்கூடியவர்களும் ஐந்து பேர், ஆளுக்கு ஆள் சரியாகப் போய்விடும், பின்னால் காப்பாற்ற ஒருவர்கூட இருக்க மாட்டார். யாராவது ஒருவர் கால் வழுக்கினால் டச்டவுன், அதாவது எதிரணி பந்தோடு கோல் கோட்டைத் தாண்டிவிடும். அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் இதற்காகவே காத்திருப்பார், பாய்ந்து வந்த ஆள் எந்த இடத்தைக் காலியாக விட்டுவந்தாரோ அதே இடத்துக்கு இரண்டு, இரண்டரை நொடியில் பந்தை எறிந்துவிடுவார்.

அதனால்தான் நாலு பேரை வைத்தே நெருக்கடி கொடுக்கும் அணிமேல் எனக்கு அவ்வளவு மரியாதை. 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது சீசனின் இறுதி ஆட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஈகிள்ஸின் டிஃபென்ஸை (எதிரணியின் தாக்குதலை நிறுத்தும் பிரிவை) நடத்திய பயிற்சியாளர் விக் ஃபாங்கியோ ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. எதிரணியான சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆறு முறை சாக் ஆனார் (எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார்), இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார் (அவர் எறிந்த பந்தை ஈகிள்ஸ் பிடித்தது), ஈகிள்ஸுக்கு இடைவேளையில் 24-0, கடைசியில் 40-22. முன்வரிசை நாலு பேர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால் பின்னால் எப்போதும் ஏழு பேர் இருந்தார்கள், எறிய இடமே கிடைக்கவில்லை.

2008 சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸ் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்த சீசனில் 589 புள்ளி குவித்து, ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்த பேட்ரியட்ஸை 14 புள்ளியில் நிறுத்தினார்கள். ஜயன்ட்ஸின் டிஃபென்ஸை நடத்திய ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ சில பிளிட்ஸ்களையும் கலந்து அனுப்பினார், ஆனால் பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை வாட்டியது முன்வரிசைதான், அதிலும் ஓரத்தில் ஆடும் ஜஸ்டின் டக்கை உள்ளே நகர்த்தி நடுவில் இடிக்க விட்டது. ஓரத்திலிருந்து வருகிற ஆளைப் பார்த்தால் குவார்ட்டர்பேக் ஒரு அடி முன்னே நகர்ந்து தப்பிக்கலாம், நடுவிலிருந்து வந்தால் நகர எங்கே இடம்?

கேள்வி: ஜோன் பிளிட்ஸ் என்றால் என்ன?

பதில்: எனக்கு மிகப் பிடித்த விஷயம்! பாய்வார் என்று நினைத்த ஆள் பின்வாங்குவார், நினைக்காத ஆள் பாய்வார். மொத்தம் பாய்கிறவர்கள் ஐந்து பேராகவே இருக்கலாம், ஆனால் எந்த ஐந்து பேர் என்பது பந்து கைமாறும் வரை தெரியாது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பாளர்கள் இருவர் யாரும் வராத பக்கம் நின்றுகொண்டிருக்க, மறுபக்கம் ஒருவர் தடையே இல்லாமல் உள்ளே புகுந்துவிடுவார். சரி, குவார்ட்டர்பேக் அவசரமாக எறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், வழக்கமாகக் காலியாக இருக்கும் அந்த இடத்தில் பின்வாங்கிய ஆள் நிற்பார். 1980-களில் சின்சினாட்டி பெங்கால்ஸில் பயிற்சியாளர் டிக் லெபோ இதை வளர்த்தெடுத்தார், அப்புறம் ஸ்டீலர்ஸுக்கு அதுவே அடையாளமாகிவிட்டது.

2009 சூப்பர் பவுலில் முதல் பாதியின் கடைசி பிளேயைத் தேடிப் பாருங்கள். ஸ்டீலர்ஸின் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் பாய்வதுபோல் காட்டிவிட்டு, கோல் கோட்டுக்குப் பின்வாங்கினார். கார்டினல்ஸ் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் எறிந்த பந்து நேராக அவர் கைக்கு வந்தது, நூறு யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். கார்டினல்ஸ் முன்னிலை பெற வேண்டிய இடத்தில் 17-7 என்று பின்தங்கி இடைவேளைக்குப் போனார்கள். ஸ்டீலர்ஸ் ஜெயித்தது 27-23. அந்த ஒரு பிளே இல்லையென்றால் கோப்பை வேறு ஊருக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எல்லாக் காலத்திலும் சிறந்த பாஸ் ரஷர் யார்?

பதில்: ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர். எண்ணிக்கையில் புரூஸ் ஸ்மித்தின் 200 சாக்தான் முதலிடம், ஆனால் 1986-இல் டெய்லர் 20.5 சாக் எடுத்து எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கிய பிறகு டிஃபென்ஸ் வீரர் எவருக்கும் அந்த விருது கிடைத்ததில்லை. டீக்கன் ஜோன்ஸை மறந்துவிட்டேன் என்று கோபப்படாதீர்கள், வீரர்களின் சாக் கணக்கை லீக் அதிகாரப்பூர்வமாக எழுத ஆரம்பித்ததே 1982-இல்தான், அவர் ஆடிய காலம் அதற்கு முந்தையது.

கேள்வி: டிவியில் பார்க்கும்போதே பிளிட்ஸ் வருவதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பல நேரம் முடியும். பந்தின் பின்னால் ஓடாமல், சேஃப்டிகளைக் கவனியுங்கள். ஒரு சேஃப்டி மெல்ல முன்னே நகர்ந்து, இன்னொருவர் கார்னர்பேக் காக்க வேண்டிய ஆளுக்கு நேராகப் போய் நின்றால், அந்த கார்னர்பேக் பாயப்போகிறார் என்று சந்தேகப்படலாம். அப்புறம் குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கை (பந்தைச் சுமந்து ஓடுகிறவரை) பாருங்கள். பாய்ந்து வரும் கூடுதல் ஆளை இடித்துத் தடுக்கிற வேலை பெரும்பாலும் அவருக்குத்தான். அவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கைகாட்டி மாற்றினால், குவார்ட்டர்பேக்கும் எதையோ பார்த்துவிட்டார்.