பின் வீல் ட்யூப் திரும்பத் திரும்ப உள்பக்கமே பஞ்சர் ஆகுது (பாலக்கோடு நண்பர் கேள்விக்கு)

டயரை மாத்தாதீங்க, கோளாறு ரிம்மில். புது ட்யூப் போட்டும் ஓட்டை ரிம் பக்கமே விழுதுன்னா குத்துறது ஆணியோ கருவேல முள்ளோ இல்லை. பெரும்பாலும் நிப்பிளை (ஸ்போக்ஸை ரிம்மில் பிடிச்சிருக்கும் சின்ன நட்டு) தாண்டி நீட்டிக்கிட்டிருக்கும் ஸ்போக்ஸ் முனைதான். அதை மறைச்சு ரிம்முக்குள்ளே சுத்தியிருக்கும் பட்டை, அதாவது ரிம் டேப், நைஞ்சோ விலகியோ இருக்கும். சமீபத்தில் பெண்டு எடுத்த (கோணலை நேராக்கின) வீல்னா முதல் சந்தேகமே அதுதான்.

ட்யூபில் லேசா காத்தடிச்சு, வால்வை ரிம் துளைக்கு நேரா வச்சு, ரிம்மைச் சுத்திப் போட்டுப் பாருங்க. ஓட்டைக்கு நேரே வர்ற நிப்பிளை விரலால் தடவினா நெருடும். ட்யூப் எந்தப் பக்கமா கிடந்ததுன்னு ஞாபகம் இல்லைன்னா, வால்விலிருந்து ரெண்டு திசையிலும் அதே தூரத்தில் தேடுங்க.

நீட்டுற முனையை நிப்பிள் மட்டத்துக்கு அரம் போடுங்க. இரும்புத் தூளைத் துடைச்சிட்டு புது ரிம் டேப். இன்சுலேஷன் டேப் சுத்துறது வேஸ்ட், சூட்டில் பசை இளகி நகர்ந்துடும்.

டயரை மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க. முடிக்கும் முன்னாடி வால்வை உள்ளே தள்ளி விட்டா ட்யூப் இடுக்கில் மாட்டாது.

ஆனா ஓட்டை பக்கத்துல பக்கத்துல ரெண்டா இருந்தா கதை வேற: டயர் லிவர் (டயரை நெம்புற கம்பி) கடிச்சிருக்கு, இல்ல காத்து கம்மியா ஓட்டி பள்ளத்தில் இறங்கியிருக்கு. வால்வு அடியிலேயே கிழிஞ்சிருந்தா ஒட்டு நிக்காது. அந்த ட்யூபோட தொப்பூர் கணவாய் இறங்காதீங்க, புதுசு போடுங்க.